தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை இணையப் பார்வையாளரிடம் கொண்டுசெல்லுதல்: தமிழ்ச் சேனல்களுக்கான முழுமையான வழிகாட்டி

செயற்கைக்கோள் வழியாகவோ கேபிள் வழியாகவோ ஒளிபரப்பி வரும் நடுத்தர அளவிலான தமிழ்ச் சேனல் ஒன்று, அலைபேசியிலும் இணையத் தொலைக்காட்சியிலும் தமக்கு வசதியான நேரத்தில் பார்ப்பவர்களுக்கு ஏற்பத் தன் வேலைமுறையை எப்படி மாற்றிக்கொள்வது என்பதே இந்த வழிகாட்டியின் பொருள். இரண்டு சேனல்களில் இந்த வேலையைத் தொடக்கத்திலிருந்து செய்திருக்கிறேன். வேறு சில இடங்களில் புதிதாகப் பொறுப்பேற்றவர்கள் எங்கே தடுமாறினார்கள் என்பதை உடனிருந்து பார்த்திருக்கிறேன். இதில் எந்த வேலையும் தனியாக எடுத்துக்கொண்டால் கடினமானதன்று. நான் கண்ட தோல்விகளில் பெரும்பாலானவை வரிசை தவறியதால் வந்தவை. உரிமை பார்க்காமல் பதிவேற்றிவிட்டுப் பிறகு நீக்குவதும், பார்வையாளர் யார் என்று தெரியாமல் செயலி கட்டுவதும், ஆள் நியமிக்காமல் இலக்கு வைப்பதும் ஒரே தவற்றின் மூன்று வடிவங்கள்.

சொந்தமாக ஓ.டி.டி. செயலி உருவாக்குவதைப் பற்றி இங்கே எழுதவில்லை. அதைக் கடைசியில் யோசிக்க வேண்டிய வேலையாகவே கருதுகிறேன். யூடியூபில் நிகழ்ச்சியை வைத்திருக்கச் செலவு இல்லை. யார், எங்கிருந்து, எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்ற தரவும் அங்கே கிடைக்கும். அந்தத் தரவு ஓராண்டாவது கையில் சேராமல் செயலிக்குப் பணம் ஒதுக்கினால், யாருக்காக ஒதுக்குகிறோம் என்பதை ஊகித்தே சொல்ல வேண்டியிருக்கும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, யூடியூப் சேனல் நிறுவனத்தின் பெயரில், நிறுவனத்தின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஆர்வமுள்ள ஓர் ஊழியர் தன் சொந்த மின்னஞ்சலில் சேனலைத் திறந்திருப்பார். அவர் வேலையை விட்டுச் சென்ற பிறகுதான் சிக்கல் தெரியவரும். இதைச் சரிசெய்ய அவருடைய ஒத்துழைப்பு தேவைப்படும் என்பதால், உறவு நல்லபடியாக இருக்கும்போதே உரிமையை மாற்றிக்கொண்டு, கடவுச்சொல்லைப் பகிர்வதை நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலைக்குரிய அனுமதியை மட்டும் கொடுங்கள்.

இரண்டாவது, ஒப்பந்தக் கோப்புகள் இருக்கும் அலமாரியின் சாவியும், அவற்றைப் படித்துச் சொல்லக்கூடிய வழக்கறிஞர் ஒருவரும். மூன்றாவது, டேப் நூலகத்தின் பதிவேடு, அது கையால் எழுதப்பட்ட பழைய நோட்டாக இருந்தாலும் சரி. நான்காவது, இந்த வேலைக்கென முழு நேரமாக ஒதுக்கப்பட்ட குறைந்தது இரண்டு எடிட்டர்கள். ஒளிபரப்பு வேலை முடிந்த பிறகு மிச்ச நேரத்தில் இதையும் பார்த்துக்கொள்ளும்படி சொல்லப்படும் எடிட்டருக்கு அந்த மிச்ச நேரம் ஒருநாளும் கிடைப்பதில்லை.

1. உரிமைக் கணக்கெடுப்பு

நிகழ்ச்சி நம் சேனலில் ஒளிபரப்பானது என்பதாலேயே அதை இணையத்தில் வெளியிடும் உரிமை நமக்கு இருப்பதாகக் கருதுவதுதான் புதியவர்களின் முதல் தவறு. ஆகவே ஒரு அட்டவணை போடுங்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தயாரித்தவர் யார், எழுதியவர் ஊழியரா வெளியாளா, ஒப்பந்தம் எழுத்தில் உள்ளதா, காலம் எவ்வளவு, எந்தெந்த நாடுகளுக்கு, எந்தெந்த ஊடகங்களுக்கு, பயன்படுத்திய இசையும் காட்சிகளும் யாருடையவை என்ற கேள்விகளுக்கு ஒவ்வொன்றாக விடை எழுதுங்கள்.

இந்தக் கேள்விகள் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்திலிருந்தே பிறக்கின்றன. ஊழியர் ஒருவர் தன் வேலையின் பகுதியாக உருவாக்கிய படைப்புக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், நிறுவனமே முதல் உரிமையாளர். வெளியிலிருந்து எழுதிக் கொடுத்தவருக்கு இது பொருந்தாது. அவரிடமிருந்து உரிமை எழுத்துவழி மாற்றப்பட்டிருக்க வேண்டும். அந்த ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் 19-ஆம் பிரிவின்படி அது ஐந்தாண்டுகள் என்று கொள்ளப்படும். இடம் குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்று கொள்ளப்படும். தமிழ்ச் சேனலுக்கு இந்தக் கடைசி வரி மிக முக்கியமானது. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா நாடுகள், கனடா, பிரிட்டன் ஆகிய இடங்களில் உள்ள தமிழர்களைச் சென்றடையும் எண்ணத்தோடு பதிவேற்றும் நிகழ்ச்சியின் ஒப்பந்தத்தில் இடம் பற்றிய வாசகம் இல்லை என்றால், அந்த நாடுகளில் காட்டும் உரிமையே கேள்விக்குரியதாகிவிடும்.

2012-ஆம் ஆண்டின் திருத்தம் இன்னொரு கட்டுப்பாட்டைச் சேர்த்தது. ஒப்பந்தம் கையெழுத்தானபோது இல்லாத, அல்லது வணிகப் பயன்பாட்டுக்கு வந்திராத ஒரு ஊடகத்துக்கு, அதைக் குறிப்பாகச் சொல்லியிருந்தாலொழிய, உரிமை மாறியதாகக் கொள்ள முடியாது. திருத்தத்துக்கு முந்தைய ஒப்பந்தங்களை எப்படிப் பார்ப்பது என்பதை உங்கள் வழக்கறிஞர் ஒவ்வொன்றாகப் படித்துத்தான் சொல்ல வேண்டும். ‘எல்லா உரிமைகளும்’ என்று பொதுவாக எழுதப்பட்ட 1990-களின் ஒப்பந்தத்தை வைத்து யூடியூபுக்கும் உரிமை உண்டு என்று எடிட்டிங் அறையில் முடிவு செய்யாதீர்கள்.

அட்டவணை முடிந்ததும் நிகழ்ச்சிகளைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்றாகப் பிரியுங்கள். நிறுவனமே தயாரித்து, வெளியார் இசையோ காட்சியோ இல்லாதவை பச்சை. ஒரு கடிதமோ துணை ஒப்பந்தமோ பெற்றால் தீரக்கூடியவை மஞ்சள். திரைப்படப் பாடல் நிகழ்ச்சிகள், திரைப்படக் காட்சிகளை நம்பி நிற்கும் நகைச்சுவைத் தொகுப்புகள், உரிமையாளர் யாரென்றே தெரியாதவை ஆகியவை சிவப்பு. முதல் ஆறு மாதம் பச்சையை மட்டும் தொடுங்கள். சமையல், மருத்துவர் நேர்காணல், பட்டிமன்றம், ஊர்ச் சுற்று, கோயில் வரலாறு, வேளாண்மை என்று பச்சைப் பட்டியலில் வருபவை பெரும்பாலும் சேனலுக்குள் யாரும் பெரிதாக மதிக்காத நிகழ்ச்சிகளாக இருக்கும். தேடிப் பார்ப்பவர்கள் கேட்பதும் அவற்றைத்தான்.

உரிமைகோரலும் ஸ்டிரைக்கும் வேறுவேறு என்பதையும் இங்கேயே தெரிந்துகொள்ள வேண்டும். பின்னணியில் ஒரு திரைப்பாடல் ஒலித்தால், யூடியூபின் கன்டென்ட் ஐ.டி. முறை அதைக் கண்டுபிடித்து, அந்த வீடியோவின் வருவாயை இசை நிறுவனத்துக்குத் திருப்பலாம், சில நாடுகளில் அதை மறைக்கலாம். சேனலுக்கு வேறு தண்டனை இல்லை. உரிமையாளர் சட்டப்படி நீக்கக் கோரிக்கை அனுப்பினால் சேனலின் மீது விழும் விதிமீறல் குறியே ஸ்டிரைக். 90 நாட்களுக்குள் மூன்று ஸ்டிரைக் சேர்ந்தால் சேனலே முடக்கப்படும். செய்திச் சேனல்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது, செய்தி முகமையிடம் ஒளிபரப்புக்காக வாங்கிய காட்சியின் உரிமம் இணையத்தையும் உள்ளடக்கியதா என்பதை. பல உரிமங்களில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டணம் இருக்கும்.

2. டேப் நூலகத்தை மீட்டல்

உரிமைக் கணக்குக்குப் பிறகே இந்த வேலை வரவேண்டும் என்பதற்குக் காரணம் செலவு. எல்லா டேப்புகளையும் மாற்றத் தொடங்கினால், வெளியிடவே முடியாத சிவப்பு நிகழ்ச்சிகளுக்கும் பணம் போகும். பச்சைப் பட்டியலில் இருப்பவற்றை முதலில் எடுங்கள். அவற்றுள்ளும் பூஞ்சை பிடித்தவை, உறை உடைந்தவை முன்னால் வரட்டும். சென்னைக் காற்றின் ஈரப்பதத்தில் குளிர்சாதனமின்றிக் கிடந்த பீட்டாகேம் டேப் (தொலைக்காட்சிப் பதிவுக்கான பழைய வகை டேப்) காத்திருக்காது. டேப்பை ஓட்டும் பிளேயர்களும் உதிரிப் பாகங்களும் அரிதாகி வருவதால், இயங்கும் நிலையில் இருக்கும் பிளேயரைப் பழைய பொருளாக விற்றுவிட வேண்டாம்.

மாற்றும்போது ஒரு முதன்மைக் கோப்பை உயர்ந்த தரத்தில் எடுத்து வைத்து, பதிவேற்றத்துக்கான சிறிய கோப்பை அதிலிருந்து உருவாக்குங்கள். டிஜிட்டல் வீடியோ (DV) வடிவில் ஒரு மணி நேரம் ஏறத்தாழ 13 ஜி.பி. இடம் பிடிக்கும், ஆயிரம் மணி நேர நூலகத்துக்கு 13 டி.பி. அளவு வேண்டும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். இதற்கு மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்று வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். யூடியூபில் ஏற்றிவிட்டதைப் பாதுகாப்புப் பிரதி என்று எண்ணுவது ஆபத்து, ஏனென்றால் அங்கே இருப்பது சுருக்கப்பட்ட நகல். சேனல் முடங்கினால் அதுவும் கைக்கு எட்டாமல் போகும்.

பழைய காட்சிகளில் இரண்டு தொழில்நுட்பத் தவறுகளை அடிக்கடி பார்க்கிறேன். பால் (PAL) எனப்படும் பழைய தொலைக்காட்சி முறை ஒளிபரப்பு, நொடிக்கு 50 அரைச்சட்டங்களாகப் பின்னிப் பதிவானது. அந்தப் பின்னலைப் பிரிக்காமல் ஏற்றினால், கை அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் போன்ற கோடுகள் தெரியும். அடுத்தது, 4:3 அளவில் எடுத்த காட்சியை 16:9 திரை நிறையும்படி இழுத்துவிடுவது. முகங்கள் அகன்று, பேசுபவர் யாரென்றே அடையாளம் மாறிப்போகும். இருபுறமும் கறுப்பு இடம் விடுவதே சரியானது. பார்வையாளர்கள் அதைக் குறையாக நினைப்பதில்லை.

ஒலியையும் ஒரு முறை சரிபாருங்கள். ஒளிபரப்புக்காகத் தாழ்ந்த அளவில் கலக்கப்பட்ட ஒலி, அலைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்காது. பேச்சு முன்னால் வரும்படி கலந்து, ஒலியின் உரப்பை அளக்கும் எல்.யு.எஃப்.எஸ். அலகில் மைனஸ் 14 அளவை ஒட்டி வையுங்கள். அதைவிட உரத்து ஏற்றினாலும் யூடியூப் தானே குறைத்துவிடும்.

3. எங்கே, எப்போது, எந்தத் திரையில் என்று அறிதல்

2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகு, தொலைக்காட்சி பார்ப்பது வீட்டின் கூடத்தில் எல்லோரும் சேர்ந்து செய்யும் ஒரே வேலையாக இல்லாமல் பல துண்டுகளாகப் பிரிந்துவிட்டது. பேருந்தில் ஒலியை அணைத்துப் பார்ப்பவர், சமைத்துக்கொண்டே காதில் மட்டும் வாங்குபவர், இரவு பெரிய திரையில் யூடியூபைத் திறந்து ஒரு மணி நேரம் உட்காருபவர் ஆகிய மூவருக்கும் தேவை வேறு. உங்கள் சேனலுக்கு எந்த வகையினர் அதிகம் வருகிறார்கள் என்பதை ஊகிக்க வேண்டாம். பச்சைப் பட்டியலிலிருந்து முப்பது நாற்பது நிகழ்ச்சிகளை ஏற்றிவிட்டு, எட்டு வாரம் கழித்து, சேனலின் தரவைக் காட்டும் யூடியூப் ஸ்டுடியோ பக்கத்தில் கருவி வகை, நாடு, பார்வையாளர் இணையத்தில் இருக்கும் நேரம் என்ற மூன்று அறிக்கைகளையும் எடுத்துப் பாருங்கள்.

நாடு பற்றிய அறிக்கை நேரத் திட்டத்தையே மாற்றக்கூடியது. சென்னையில் இரவு 9 மணி என்பது துபாயில் 7.30, சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் 11.30, கோடைகாலத்தில் லண்டனில் மாலை 4.30, டொராண்டோவில் காலை 11.30. இரவு 9 மணி ஒளிபரப்பை முடித்துவிட்டுப் பதிவேற்றினால் சிங்கப்பூர்ப் பார்வையாளர் உறங்கியிருப்பார். உங்கள் பார்வையாளர்களில் கணிசமானோர் அங்கே இருந்தால் மாலை ஆறரைக்குள் பதிவேற்றம் முடிந்திருக்க வேண்டும். அதற்கேற்ப எடிட்டிங் பணிமுறை நேரமும் நகர வேண்டும்.

4. படப்பிடிப்பிலேயே செய்ய வேண்டிய மாற்றம்

இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்கள் அடுத்த படியில் நாள்கணக்கில் அல்லல்படுவார்கள். ஒளிபரப்பில் வெளியான கோப்பில் லோகோ, ஓடும் செய்திப் பட்டை, ஆஸ்டன் எனப்படும் பெயர் எழுத்து, விளம்பரப் பட்டி எல்லாம் படத்தோடு ஒட்டிப் பதிந்திருக்கும். மூன்று மாதம் கழித்து அதைப் பார்ப்பவருக்கு, கீழே ஓடும் தங்க விலையும் மழை எச்சரிக்கையும் பழைய நிகழ்ச்சி என்பதை உரக்கச் சொல்லும். ஆகவே நிகழ்ச்சிக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து (பி.சி.ஆர்.) எழுத்து எதுவும் படியாத கிளீன் ஃபீட் ஒன்றைத் தனியாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஒரு ரெக்கார்டரும் கொஞ்சம் சேமிப்பிடமும்தான் கூடுதல் செலவு.

விவாத நிகழ்ச்சிகளில் ஒவ்வொரு கேமராவையும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். ஆறு பேர் ஆறு கட்டத்தில் அமர்ந்திருக்கும் காட்சி அலைபேசியில் ஆறு தீப்பெட்டி அளவாகச் சுருங்கும். ஒருவர் மட்டும் பேசும் ஒற்றைக் கேமராப் பதிவு இருந்தால், செங்குத்தாக வெட்டவும் அது உதவும். கேமராமேனிடம், பேசுபவரின் முகம் சட்டத்தின் நடு மூன்றில் ஒரு பகுதிக்குள் இருக்கும்படி அவ்வப்போது ஒரு ஷாட் வைக்கக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுத்தின் அளவுக்கு எளிய சோதனை உண்டு. எடிட்டிங் அறையின் பெரிய திரையில் முடிவு செய்யாமல், சாதாரண அலைபேசி ஒன்றில், கை நீட்டிய தூரத்தில், வெயிலில் வைத்துப் படியுங்கள். படிக்க முடியாத எழுத்தை இரு மடங்காக்குங்கள். இடம் போதாவிட்டால் சொற்களைக் குறையுங்கள்.

5. மறுவெட்டு

வேலையின் மையம் இதுதான். தொலைக்காட்சி நிகழ்ச்சியின் வடிவம் நேரப்பட்டியால் உருவானது. கேபிள் தொலைக்காட்சி விதிகள் ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடம் வரை விளம்பரத்தை அனுமதிக்கின்றன; அதனால் ஒவ்வொரு இடைவேளைக்கு முன்னும் ‘காத்திருங்கள்’ என்று ஒரு முடிச்சும், பின்னால் ‘மீண்டும் வருக’ என்று ஒரு நினைவூட்டலும் வைத்தே நிகழ்ச்சி கட்டப்படுகிறது. இணையத்தில் பார்ப்பவருக்கு அந்த இடைவேளை இல்லை. அவருக்கு அந்த வரிகள் வெறும் தாமதம்தான்.

ஆகவே முழு நிகழ்ச்சியையும் அப்படியே ஏற்றாதீர்கள். முதலில் மாண்டேஜ், டைட்டில் பாடல், முன்கதைச் சுருக்கம், இடைவேளைக்கு முன்னும் பின்னும் திரும்பச் சொல்லப்படும் வரிகள், அடுத்த வாரப் புரோமோ ஆகியவற்றை நீக்குங்கள். பிறகு எஞ்சியதைப் பார்த்து, தனியாக நிற்கக்கூடிய பொருள்கள் எத்தனை இருக்கின்றன என்று கேளுங்கள். ஒரு மணி நேர மருத்துவ நேர்காணலில் சர்க்கரை நோய், கால் புண், உணவு, இன்சுலின் என்று நான்கு பொருள்கள் இருக்கலாம். தேடி வருபவர் அந்த நான்கில் ஒன்றைத்தான் தேடுகிறார். தொகுப்பாளரின் பெயரையோ நிகழ்ச்சியின் பெயரையோ தேடுவதில்லை.

ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும், பார்வையாளர் எந்தக் கேள்வியோடு வந்தாரோ அந்தக் கேள்வி முதல் பதினைந்து நொடிக்குள் ஒலிக்க வேண்டும். தொகுப்பாளர் விருந்தினரின் பட்டங்களை அடுக்கும் பகுதியை வெட்டிவிட்டு, அவர் பெயரையும் துறையையும் எழுத்தில் காட்டினால் போதும். இந்த வெட்டுக்கு மூத்த தயாரிப்பாளர்களிடமிருந்து எதிர்ப்பு வரும், அதில் நியாயமும் இருக்கிறது. விருந்தினரை முறையாக அறிமுகப்படுத்துவது நம் பண்பாடு என்பார்கள். முழு நிகழ்ச்சியையும் தனியாக ஒரு பட்டியலில் வைத்து அந்த மரியாதையைக் காப்பாற்றலாம். துண்டுகளில் கேள்விக்கு முதலிடம் கொடுங்கள்.

நீளம் பற்றி ஒரு கணக்கு மட்டும் மனத்தில் இருக்கட்டும். யூடியூபில் எட்டு நிமிடமோ அதற்கு மேலோ ஓடும் வீடியோவில்தான் நடுவில் விளம்பரம் வைக்க முடியும். இதைத் தெரிந்துகொண்டவுடன் ஐந்து நிமிடப் பொருளை எட்டு நிமிடத்துக்கு இழுக்கும் பழக்கம் பரவிவிடுகிறது. இழுத்த மூன்று நிமிடத்தில் பார்வையாளர் வெளியேறுவது, எந்த நொடியில் எத்தனை பேர் எஞ்சியிருக்கிறார்கள் என்று காட்டும் தக்கவைப்பு வரைபடத்தில் தெளிவாகத் தெரியும். அடுத்த முறை அவருக்கு உங்கள் வீடியோ காட்டப்படுவதும் குறையும். பொருள் ஐந்து நிமிடமென்றால் ஐந்து நிமிடமே போதும். தொடர்புடைய இரண்டு பொருள்களைச் சேர்த்துப் பத்து நிமிடமாக்குவது நேர்மையான வழி. அப்படிச் சேர்த்தால் விவரக் குறிப்பில் 0:00 முதல் தொடங்கும் குறைந்தது மூன்று நேரக்குறிகளைக் கொடுங்கள். வேண்டிய பகுதிக்கு நேராகச் செல்ல அது உதவும்.

முடிவில் பெயர்ப்பட்டியல் ஓடவிடுவதற்குப் பதிலாக, கடைசி 20 நொடிக்கு அமைதியான ஒரு காட்சியை விட்டுவையுங்கள். அடுத்த வீடியோவைக் காட்டும் இறுதித் திரையை அந்த இடத்தில்தான் வைக்க முடியும்.

யூடியூபின் செங்குத்துக் குறும்வீடியோவான ஷார்ட்ஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2020 ஜூன் மாத இறுதியில் டிக்டாக் தடை செய்யப்பட்ட பிறகு, அதே ஆண்டு செப்டம்பரில் இந்தியாவில் சோதனையாகத் தொடங்கப்பட்ட வடிவம் அது. 2024 அக்டோபர் முதல் மூன்று நிமிடம் வரை அனுமதிக்கிறது. அறிமுகம் செய்துவைக்க நல்ல வாயில். ஆனால் ஷார்ட்ஸில் ஒன்றைப் பார்த்தவர் தானாக நீண்ட நிகழ்ச்சிக்கு வருவார் என்று எண்ண வேண்டாம். தொடர்புடைய முழு வீடியோவை ஒவ்வொரு ஷார்ட்ஸிலும் இணைத்துக் கொடுக்க வேண்டும். ஒலியின்றிப் பார்ப்பவருக்காகப் பேச்சைத் தமிழ் எழுத்தில் படத்தின் மேலேயே போடுங்கள். அந்த எழுத்தைப் பிழை திருத்தாமல் வெளியிடுவது மொழிக்குச் செய்யும் தீங்கு. தமிழை நம்பி நடக்கும் நிறுவனம் ஒற்றுப் பிழையைப் பொருட்படுத்தாமல் இருக்கக் கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு.

6. தலைப்பும் தம்ப்நெயிலும்

நிகழ்ச்சியின் பெயர், பகுதி எண், தேதி, சேனல் பெயர் என்று தொடங்கும் தலைப்பு நேரப்பட்டிக் காலத்தின் எச்சம். அலைபேசியில் தலைப்பின் முதல் சில சொற்களே தெரியும் என்பதால் பொருள் முன்னால் வரட்டும், நிகழ்ச்சியின் பெயர் பின்னால் போகட்டும். தமிழில் பேசினாலும் ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுபவர்கள் ஏராளம். அவர்களுக்காக விவரக் குறிப்பின் முதல் வரியில் முக்கியச் சொற்களை அந்த எழுத்திலும் கொடுங்கள். மெகா தொடராக இருந்தால் மட்டும் பகுதி எண்ணைத் தவறாமல் எழுதுங்கள், ஏனென்றால் விட்ட இடத்திலிருந்து தொடர விரும்புபவருக்கு அதுவே வழித்துணை.

வீடியோவின் முகப்புப் படமான தம்ப்நெயிலில் ஒரு முகமும் நான்கைந்து சொற்களும் போதும். சிவப்பு அம்புக்குறியும் அதிர்ச்சியடைந்த முகமும் போட்டு, உள்ளே இல்லாததை வெளியே சொல்லும் பழக்கத்துக்குச் செய்திச் சேனல்கள் இடம் தரக் கூடாது. சொடுக்கியவர் முப்பது நொடியில் வெளியேறுவார். அதைவிடப் பெரிய இழப்பு, பல ஆண்டுகளாகச் சேர்த்த நம்பகத்தன்மை.

7. தொலைக்காட்சிக்கும் இணையத்துக்கும் இடையிலான கால இடைவெளி

விளம்பரப் பிரிவினர் இங்கே அஞ்சுவார்கள்: உடனே இணையத்தில் போட்டால் டி.ஆர்.பி. விழும் என்பார்கள். எல்லா நிகழ்ச்சிக்கும் ஒரே விடை இல்லை. செய்தியைத் தாமதிப்பதில் பொருளே இல்லை. மெகா தொடருக்கு இடைவெளி உங்கள் ஒப்பந்தத்தையும் சந்தா வருவாயையும் பொறுத்தது. ஹாட்ஸ்டார் 2019-இல் தன் வி.ஐ.பி. சந்தாதாரர்களுக்குத் தொடர்களைத் தொலைக்காட்சிக்கு முன்பே காட்டத் தொடங்கியது என்பதை நினைவில் கொண்டால், ‘முதலில் தொலைக்காட்சி’ என்பது மாற்ற முடியாத விதி இல்லை என்று புரியும். வார நிகழ்ச்சிகளுக்கு நான் பரிந்துரைப்பது, ஒளிபரப்புக்கு முன் ஒரு துண்டு, ஒளிபரப்பு முடிந்த மறுநாள் முழு நிகழ்ச்சி, அதன் பிறகு வாரம் முழுவதும் மற்றத் துண்டுகள் என்ற முறை.

இருபத்து நான்கு மணி நேரமும் நேரலை ஓட்டும் செய்திச் சேனல்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 12 மணி நேரத்தைத் தாண்டும் நேரலையை யூடியூப் முழுமையாகச் சேமித்து வைப்பதில்லை. தேர்தல் எண்ணிக்கை நாள், புயல் கரையைக் கடக்கும் நாள் போன்றவற்றில் நேரலையைப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடித்து அடுத்ததைத் தொடங்குங்கள். உங்கள் பக்கத்திலும் தனியாகப் பதிவு ஓடட்டும்.

8. எதை அளப்பது

தொலைக்காட்சிப் பார்வையை அளக்கும் பார்க் (BARC) அமைப்பின் வாராந்திர எண்கள், தேர்ந்தெடுத்த வீடுகளில் பொருத்திய மீட்டர்களிலிருந்து வருபவை. யூடியூபின் எண்கள் ஒவ்வொரு பார்வையிலிருந்தும் வருபவை. இரண்டையும் ஒரே பட்டையில் அடுக்கி, கூட்டியோ ஒப்பிட்டோ நிர்வாகத்திடம் காட்டாதீர்கள்.

பார்வை எண்ணிக்கையை மட்டும் நம்புவது அடுத்த தவறு. 2025 மார்ச் இறுதி முதல், ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வையாகக் கணக்கிடப்படுகிறது; எவ்வளவு நேரம் பார்த்தார் என்பது அதில் சேராது. அதன் பிறகு பல அலுவலகங்களில் எண்கள் உயர்ந்ததை வெற்றியாக அறிவித்தார்கள். அளவுகோல் மாறியிருந்ததை யாரும் சொல்லவில்லை. நான் வாரந்தோறும் பார்ப்பவை மூன்று. மொத்தம் பார்க்கப்பட்ட மணி நேரம், முப்பதாவது நொடியில் எஞ்சியிருப்பவர் விழுக்காடு, திரும்பி வரும் பார்வையாளர் எண்ணிக்கை. தம்ப்நெயிலைக் கண்டவர்களில் எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்ற சொடுக்கு விகிதத்தில் அளவுக்கு மீறிக் கவலைப்பட வேண்டியதில்லை. யூடியூபில் பாதிக்குப் பாதி வீடியோக்களுக்கு அது 2 முதல் 10 விழுக்காட்டுக்குள்தான் இருக்கிறது.

தக்கவைப்பு வரைபடத்தை எடிட்டரோடு உட்கார்ந்து பாருங்கள். கோடு செங்குத்தாக விழும் இடத்தில் நிகழ்ச்சியை நிறுத்தி, அங்கே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு வரவேற்புரையோ, நீண்ட இசையோ, ஏற்கெனவே சொன்னதன் மறுசொல்லோ இருக்கும். ஆறு வாரம் இதைத் தொடர்ந்து செய்த எடிட்டருக்கு வேறு பயிற்சி வகுப்பு தேவைப்படாது.

9. வருவாய்

நீண்ட வீடியோக்களின் விளம்பர வருவாயில் 55 விழுக்காடும், ஷார்ட்ஸில் படைப்பாளர்களுக்கென ஒதுக்கப்படும் தொகையில் 45 விழுக்காடும் சேனலுக்கு வரும். புதிய சேனலாக இருந்தால், விளம்பரப் பங்குக்கு 1,000 சந்தாதாரர்களும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையோ 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வையோ தேவை. இந்த வருவாய் பண்டிகை மாதங்களில் ஏறி, ஜனவரியில் இறங்கும். நவம்பர் மாதத் தொகையைப் பன்னிரண்டால் பெருக்கி ஆண்டுத் திட்டம் போட்டுவிட்டு, பிப்ரவரியில் ஆட்களைக் குறைத்த அலுவலகத்தைப் பார்த்திருக்கிறேன். குறைந்தது ஒரு முழு ஆண்டின் சராசரியை வைத்துத் திட்டமிடுங்கள்.

அமெரிக்காவிலிருந்து பார்ப்பவர்களால் வரும் வருவாய்க்கு 2021 முதல் அந்நாட்டு வரி பிடிக்கப்படுகிறது. வரிப் படிவத்தை நிறுவனத்தின் பெயரில் நிரப்பித் தராவிட்டால், அதிகபட்ச விகிதத்தில் பிடித்தம் ஆகலாம். இதை முதல் வாரமே கணக்குப் பிரிவிடம் ஒப்படையுங்கள்.

உள்ளூர் விளம்பரதாரரிடம் தொலைக்காட்சி நேரத்துக்கு இணையத்தை இலவச இணைப்பாகக் கொடுக்காதீர்கள். ஒருமுறை இலவசமாகக் கொடுத்ததற்குப் பிறகு விலை சொல்ல முடியாது. நகைக்கடையோ பள்ளியோ மருத்துவமனையோ பணம் கொடுத்து இடம்பெறும் நிகழ்ச்சியில், கட்டணம் பெற்ற விளம்பரம் என்ற அறிவிப்பை யூடியூபிலும் படத்திலும் தெளிவாகக் காட்டுங்கள். மருத்துவ நிகழ்ச்சிகளில் இது தவறினால் பார்ப்பவரின் உடலுக்கே கேடு வரலாம் என்பதால் இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

10. புகார்களும் விதிகளும்

2021 பிப்ரவரியில் வெளியான தகவல் தொழில்நுட்ப விதிகள், இணையத்தில் செய்தி வெளியிடுவோர் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை நியமித்து, புகாரை 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்கின்றன. அவற்றின் 9-ஆம் விதியின் இரண்டு உட்பிரிவுகளுக்குப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் இடைக்காலத் தடை விதித்தது. தற்போதைய நிலையை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓர் அலுவலரை வைத்துக்கொள்வதே நல்லது. ஒளிபரப்பு காற்றோடு போய்விடும். இணையத்தில் ஏற்றியது ஆண்டுக்கணக்கில் நிற்கும். வழக்கிலிருந்து விடுதலையானவரின் கைதுச் செய்தி அப்படியே கிடந்து, அவர் பெயரைத் தேடும் ஒவ்வொருவருக்கும் முதலில் தெரியும். அப்படிப்பட்டவர் எழுதும் கடிதத்துக்கு யார் பதில் சொல்வது, திருத்தத்தை எங்கே போடுவது என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

11. ஆட்கள்

டிஜிட்டல் பிரிவு என்று ஒரு மூலையில் நான்கு பயிற்சி ஊழியர்களை உட்கார வைத்து, ஒளிபரப்பு முடிந்த கோப்பை அவர்களுக்கு அனுப்பிவிடும் ஏற்பாடு நான் பார்த்த எந்த இடத்திலும் நிலைக்கவில்லை. படப்பிடிப்புக்கு முன் முடிவாக வேண்டியவை அவர்கள் கைக்கு வரும்போது கடந்துபோயிருக்கும். காலைக் கூட்டத்தில் டிஜிட்டல் தயாரிப்பாளர் ஒருவர் உட்கார வேண்டும். நிகழ்ச்சித் தாளில் ‘ஒளிபரப்பு நேரம்’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ‘துண்டுகள்’ என்று இன்னொரு கட்டம் இருக்க வேண்டும். அந்தக் கட்டம் நிரம்பாத நிகழ்ச்சியைப் படப்பிடிப்புக்கு அனுப்பக் கூடாது.

மூத்த ஊழியர்களை ஒதுக்காதீர்கள். எந்த டேப்பில் எந்த நேர்காணல் இருக்கிறது, எந்த ஊர்த் திருவிழாவை எந்த ஆண்டு எடுத்தோம் என்பதை அறிந்த டேப் நூலகர், உங்கள் பதிவேட்டில் இல்லாத பாதியைத் தன் நினைவில் வைத்திருப்பார். அவர் பணி ஓய்வு பெறும் தேதியைக் கேட்டறிந்து, அதற்கு முன்பாக ஓர் இளைஞரை அவர் பக்கத்தில் உட்கார வைத்து, நாளுக்கு ஒரு அலமாரி வீதம் எழுதி முடியுங்கள்.